வெள்ளிக்கிழமைக் கருத்து

வரிசையில் நீங்கள் ஒன்பதாவது ஆள் என்று போனுக்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னாள். ரேடியோ நிலையத்தில் பதிவு செய்து வைத்த குரல்தான், ஆனாலும் ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி அத்தனை சந்தோஷமாகச் சொன்னாள், அழகுபாண்டிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒன்பது என்றால் ஆளுக்கு இரண்டு நிமிஷம் வைத்தாலும் பதினாறு நிமிஷம் மிச்சம் இருக்கிறது, பதினாறு நிமிஷத்தில் என்னென்னவோ நடக்கலாம், போனில் சார்ஜ் தீரலாம், ரேடியோ நிலையத்தில் எதுவாவது கெட்டுப்போகலாம், மேலதிகாரி ரஸ்ஸல் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டி உள்ளே கூப்பிடலாம். ஒன்றும் நடக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் மூன்றாவது வரிசையில் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான், ஏப்ரல் பிறந்தும் ஏரிப் பக்கமிருந்து வருகிற காற்றில் குளிர் விட்டபாடில்லை, ஹீட்டர் காலுக்கு மட்டும் சூடு கொடுத்தது. ஸ்டியரிங்மேல் ஒரு மஞ்சள் காகிதம். நீல மையில் இங்கிலீஷில் ஐந்து வரி, எஞ்சினியர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். முதல் வரி இதுதான்: இது சாம் சொல்லச் சொன்னது, அவரால் போனுக்கு வர முடியவில்லை, அவருக்காக நான் பேசுகிறேன். அந்த வரியைச் சுற்றி மட்டும் பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தது. சொன்னாலும் சரி, விட்டாலும் சரி, உங்கள் இஷ்டம் என்பதற்குத்தான் அந்தக் கட்டம். காகிதத்தை எழுதிக் கொடுத்த சாமியப்பன் சார் அப்படித்தான், யாரையும் எதற்கும் நெருக்க மாட்டார். கட்டம் இல்லாமலிருந்தால் அழகுபாண்டி எப்படியோ படித்துத் தொலைத்திருப்பான், படித்தே ஆகவேண்டும் என்றால் மனுஷன் படித்துவிடுவான், இஷ்டம் என்று விட்டதுதான் நேற்றிலிருந்து அவனைப் போட்டு வாட்டுகிறது. இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஊரின் மேற்குப் பக்கத்தில் தொண்டையில் குழாயோடு உட்கார்ந்திருக்கும் சாமியப்பன் சார். இன்னொருவர் இதோ இரண்டாவது மாடி ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் ரஸ்ஸல். முதல் வரியைச் சொன்னால் ரஸ்ஸலிடம் மானம் போகும். சொல்லாவிட்டால் சாரிடம் போவதற்கும் ஒரு பேர் உண்டு, அதை அவன் யோசிக்க விரும்பவில்லை. எட்டாவது ஆள் என்றாள் அந்தப் பெண்.

எல்லாம் அந்தப் பழைய காரால் வந்த வினை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் திருமங்கலத்திலிருந்து இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்த புதிதில் வாங்கிய கார், அதில் ரேடியோ ஒரே ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டு நின்றது, திருகினாலும் நகராது, எந்நேரமும் ஆட்டங்களைப் பற்றியே அரட்டையடிக்கிற ஸ்டேஷன். அழகுபாண்டி அதை அரைக் காதில் கேட்டுக்கொண்டு போவான், இங்கிலீஷ் பழகட்டும் என்று. ஆபீசில் ஒரு காபி மிஷின். திங்கள்கிழமை காலையில் அதைச் சுற்றி நாலைந்து பேர் நின்று ஹெரான்ஸ் பற்றிப் பேசுவார்கள், அது பேஸ்பால் டீம், குளிர்காலம் வந்தால் ஸ்டோக்கர்ஸ் பற்றிப் பேசுவார்கள், அது ஃபுட்பால், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அந்த ஊர் ஃபுட்பால். அவன் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பான், அவர்கள் சிரித்தால் சிரிப்பான், அவர்கள் தலையை ஆட்டினால் ஆட்டுவான். யாரும் அவனை விரட்டவில்லை, விரட்டியிருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம், சர்க்கரை வேண்டுமென்றால் எக்ஸ்கியூஸ் மீ என்று சொல்லி அவனை நகர்த்திவிட்டு எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரேடியோவில், மேற்குப் பக்கத்திலிருந்து நம்ம சாம் என்று நிகழ்ச்சி நடத்துகிற மைக்கி அறிவித்தார், அறிவித்ததும் கைதட்டுகிற சத்தம் ஒன்றைப் போட்டார்கள், அத்தனை செல்வாக்கு. ஹெரான்ஸ் முதலாளி வார்னிக் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றுவிட்டுப் புது ஸ்டேடியம் கட்டப் பார்க்கிறாரே, என்ன சொல்கிறீர்கள் என்றார். சாம் அவசரமே இல்லாமல், மூக்கால் கொஞ்சம் இழுத்து, இந்த ஆள் பால் கறக்கிற மாட்டை விற்றுவிட்டு அந்தக் காசில் பெரிய கேனாக வாங்குகிறான் என்றார். திங்கள்கிழமை காபி மிஷின் பக்கத்தில் ரஸ்ஸல் வார்னிக்கைத் திட்டிக்கொண்டிருந்தபோது அழகுபாண்டியின் வாய் தானாகத் திறந்தது. மாடு, கேன். ரஸ்ஸல், ஆறடி மூன்றங்குல மனுஷன், குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் காபி அவர் சட்டையிலேயே சிந்தியது, இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் ஆல் என்று முதுகில் அடித்தார். அன்றைக்குத்தான் அழகுபாண்டி அவர்கள் வாயில் ஆல் ஆனான். அன்று மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள், அந்த ரொட்டியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, வெறும் ரொட்டிதான்.

அதற்கப்புறம் அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு சாமைக் கேட்பான், சனி ஞாயிறு குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் முணுமுணுத்துப் பார்ப்பான், திங்கள்கிழமை கொண்டுபோய் இறக்குவான். திருட்டிலும் ஒரு நாசூக்கு உண்டு, அப்படியே சொல்லிவிட மாட்டான், முன்னால் ஒரு எனக்கென்னவோ சேர்ப்பான், பின்னால் தோளைக் குலுக்குவான், ஏதோ இப்போதுதான் தோன்றியது போல. ஸ்டோக்கர்ஸ் டீம் டன்பார் சகோதரர்கள் மூன்று பேருக்குச் சொந்தம், ஆளுக்கொரு கோச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள், அதற்கு சாம் என்ன சொன்னார், ஒரே கிணற்றில் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆளுக்கொரு மோட்டார் போட்டால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்றார். ஆபீசில் ஒருவனும் கிணற்றில் மோட்டார் போட்டதில்லை, ஆனாலும் சிரித்தார்கள், ஆலுடைய மூளையே தனி என்றார்கள். அப்போதாவது உறைத்திருக்க வேண்டும், கிணறு, மோட்டார், அண்ணன் தம்பி தகராறு, இது எந்த ஊர்ப் பேச்சு என்று. உறைக்கவில்லை. அந்தக் குரலில் அவன் பார்த்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவனை, தலையில் தொப்பி, ஒரு பழைய பிக்கப் வண்டி, பின்னால் ஒரு நாய், நாய்க்குக்கூட மனசுக்குள் ஒரு நிறம் கொடுத்து வைத்திருந்தான். நம்ம ஆள் ஒருத்தர் அப்படிப் பேச முடியும், ஊரே அவருக்காகக் காத்திருக்கும் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை, இப்போது நினைத்தால் திருட்டைவிட அதற்குத்தான் காது சூடாகிறது. நல்லவேளையாக ஆபீசில் யாரும் அந்த ஸ்டேஷனைக் கேட்கிறவர்கள் இல்லை, வேலை வெட்டி இல்லாதவர்கள் பேசுவது என்பார் ரஸ்ஸல், வண்டியில் கிட்டார் பாட்டுத்தான் போடுவார். ஒரு தடவை எல்லாருமாக ஹெரான்ஸ் ஆட்டத்துக்குப் போனார்கள். மூன்று மணி நேரம் அழகுபாண்டி ஆட்டத்தைப் பார்க்கவில்லை, ரஸ்ஸலின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது தட்டினால் தட்டினான், எழுந்தால் எழுந்தான், ஒரு தடவை ரஸ்ஸல் கொசுவை அடித்ததற்கும் இவன் கைதட்டினான். வீட்டுக்கு வந்ததும் மங்கை கேட்டாள். "ஏங்க, உங்களுக்கு அந்த ஆட்டம் பிடிக்குமா பிடிக்காதா? அதையாவது சொல்லுங்க." பிடிக்கும் என்றான். "அதுல எத்தனை பேரு ஆடுவாங்க?" என்றாள். அவன் குளிக்கப் போய்விட்டான்.

ஆறாவது ஆள். ஏழாவது எப்போது போனது என்று தெரியவில்லை. சாமியப்பன் சாரை முதலில் பார்த்தது ஒரு பொங்கல் விழாவில், ஒன்பது வருஷம் ஆகிறது, ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். அழகுபாண்டியைச் சுற்றி இரண்டு மூன்று புதுப் பையன்கள், ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்கள், அவர்களுக்கு இவன் பெரிய ஆளாகத் தெரிந்தான், அதற்கு ஏற்ற மாதிரி இவனும் குரலை உயர்த்திக்கொண்டான், டன்பார் சகோதரர்கள் வருஷத்துக்கு ஒரு கோச்சை மாற்றுகிறார்கள், விதை போட்ட மறுநாளே மண்ணைத் தோண்டிப் பார்க்கிறவன் எப்போது அறுவடை பண்ணுவான் என்றான். அது முந்தின நாள் காலை சாம் சொன்னது, சூடு ஆறவில்லை. சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்ற ஒரு மனிதர், குள்ளம், வெள்ளை வேட்டி, வழுக்கை, கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "அப்படீங்களா தம்பி," என்றார். "நல்லாச் சொன்னீங்க." இன்னொரு கரண்டி ஊற்றினார். கோபிச்செட்டிபாளையம் பக்கம், நாற்பது வருஷமாக இங்கே, ரோடு போடுகிற இலாகாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார்கள். அதற்கப்புறம் எந்த விழாவில் பார்த்தாலும் அவனைத் தேடி வருவார். "அந்தப் பிட்சரப் பையனை வித்துப்போட்டாங்களே, அதப் பத்தி என்னங்க நினைக்கறீங்க?" என்பார். அழகுபாண்டி, இன்னும் சரியா யோசிக்கல சார் என்பான், வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். "யோசிங்க, யோசிங்க. அவசரமில்லைங்க," என்பார் அவர். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால் சாம் அந்தப் பந்து எறிகிற பையனைப் பற்றியே பேசுவார். அதற்கடுத்த விழாவில் அழகுபாண்டி அதை சாமியப்பன் சாரிடமே ஒப்பிப்பான். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, புதிதாகக் கேட்கிற மாதிரியே கேட்பார். ஒன்பது வருஷம். இதில் எத்தனை வெள்ளிக்கிழமை அவர் தனக்காகப் பேசினார், எத்தனை இவனுக்காகப் பேசினார் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறான், இவனுக்காக எதற்குப் பேசவேண்டும், அப்படியெல்லாம் இருக்காது, அந்த வாரத்துச் செய்தியைப் பற்றித்தானே யாரும் பேசுவார்கள், ஆனால் அந்தக் கிழவர் யோசிங்க யோசிங்க என்று சொன்னபோது கண்ணில் ஒரு சிரிப்பு இருந்ததே, இருந்ததா, இப்போது இவனாகக் கொண்டுபோய் வைக்கிறானா.

இந்த ஜனவரியில் சாம் நின்றுபோனார். ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. அழகுபாண்டிக்கு எரிச்சலாக வந்தது, கிழவன் எங்கேயாவது வெயில் அடிக்கிற ஊருக்குப் போய் மல்லாந்து கிடக்கிறான் போல என்று காரில் தனியாகத் திட்டினான், ஆமாம், வாய்விட்டுத் திட்டினான். பத்து வாரம் அவனுக்கு எதைப் பற்றியும் கருத்தே இல்லை. என்ன ஆல், உடம்பு சரியில்லையா என்று ரஸ்ஸல் கேட்டார், வேலை அதிகம் என்றான். அதே ஜனவரியில்தான் சாமியப்பன் சாருக்குத் தொண்டையில் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று மங்கை சொன்னாள், ஐயோ பாவம் என்று வாட்சப்பில் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பினான், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. போய்ப் பார்க்கவே மார்ச் மாதம் ஆனது. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார், கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, துணிக்கு நடுவே குழாய், மடியில் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி ஒரு சிலேட்டு. அவர் மனைவி ருக்மணி அக்கா காபி கொண்டுவந்தார். ஜன்னல் ஓரத்தில் ஒரு ரேடியோ, அதற்குப் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு போட்டோ, நம்ம சாமுக்கு, இருபத்திரண்டு வருஷ நட்புக்கு என்று எழுதி மைக்கி கையெழுத்துப் போட்டிருந்தார். அழகுபாண்டி அதையே பார்த்தான். "அந்த ரேடியோக்காரங்க குடுத்ததுங்க தம்பி," என்றார் அக்கா. "வெள்ளிக்கெழமைன்னா ஏழரைக்கே குளிச்சுப்போட்டு போனப் புடிச்சுட்டு உக்காந்துக்குவாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா? இவருதானுங்க சாமு." காபி டம்ளர் கையைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை. சாமியப்பன் சாரைத் திரும்பிப் பார்த்தான், அவர் இவனைப் பார்க்கவில்லை, சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் எழுதாத சிலேட்டை, துடைத்துக்கொண்டே இருந்தார், முகம் சிவந்திருந்தது. திருடியவன் இவன், கூச்சப்பட்டவர் அவர். அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, காபி நல்லாருக்குக்கா என்றான்.

நான்காவது ஆள். போன வாரம் வார்னிக் அறிவித்துவிட்டார், அடுத்த வருஷத்தோடு ஹெரான்ஸ் டீமை வேறு ஊருக்குக் கொண்டுபோகப்போவதாக. ஊரே இழவு வீடாகக் கிடக்கிறது, டிவியில் பெரிய பெரிய ஆண்கள் அழுகிறார்கள். நேற்று மாலை அக்கா போன் செய்து, முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க தம்பி என்றார். போனதும் சாமியப்பன் சார் இந்தக் காகிதத்தை நீட்டினார், பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார். நாளைக்கு நீங்க பேசணும். அழகுபாண்டி தயங்கினான், உங்க மகன் என்று ஆரம்பித்தான், அவர் கையை ஆட்டித் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். அவனுக்கு இந்த ஆட்டம் தெரியாது. உங்களுக்குத்தான் சொல்ல வரும். ஒன்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கீங்களே. இந்தக் கடைசி வரியில்தான் ராத்திரி முழுக்க அவன் மாட்டிக்கொண்டு கிடந்தான். குத்திக் காட்டினாரா. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பாராட்டினாரா. திருடுவதை யார் பாராட்டுவார்கள். குரல் இருந்திருந்தால் தொனியில் தெரிந்திருக்கும், சிலேட்டில் எழுதினால் எல்லா எழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, முகத்தைப் பார்த்திருக்கலாம், இவன்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தானே. குத்திக் காட்டியிருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இப்போது தோன்றுகிறது, ஒரு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டு கணக்கைத் தீர்த்துவிடலாம், சும்மா அன்பாகச் சொல்லியிருந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. மூன்றாவது ஆள்.

இரண்டாவது மாடி ஜன்னலில் ரஸ்ஸலின் தலை தெரிந்தது, பக்கத்தில் இன்னும் இரண்டு தலை. செய்தி வந்த நாளிலிருந்து ரஸ்ஸலும் மேசையில் ரேடியோ வைத்துக்கொண்டு இந்த ஸ்டேஷனைத்தான் கேட்கிறார், கிட்டார் பாட்டெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆலின் குரலை அவர்களுக்குத் தெரியும், பேர் மாற்றிச் சொன்னாலும் தெரியும். முதல் வரியைப் படித்தால், சாம் யார் என்று மைக்கி பழைய பேச்சையெல்லாம் எடுத்துப் போடுவார், மாடு, கேன், மூன்று மோட்டார், விதை தோண்டுகிறவன். ரஸ்ஸல் ஒவ்வொன்றாகக் கேட்பார். சிரிக்க மாட்டார். கோபப்படவும் மாட்டார், நல்ல மனுஷன், திங்கள்கிழமை காபி மிஷின் பக்கத்தில் ஹலோ ஆல் என்று சொல்லிவிட்டு, சர்க்கரைக்கு எக்ஸ்கியூஸ் மீ சொல்வார். நாற்பத்தெட்டு வயசு, சொந்த வீடு, கல்லூரிக்குப் போகிற மகள், ஒரு சர்க்கரை டப்பாவுக்காக இப்படிப் பயப்படுகிறவனை என்னவென்று சொல்வது. ஒன்றும் ஆகாது, சொல்லிவிடு, வேலை போகப்போவதில்லை, ஜெயிலில் போடப்போவதில்லை. சொல்லிவிடுகிறேன். முதல் வரியைப் படிக்கிறேன், அப்புறம் நான் இத்தனை வருஷம் பேசியதெல்லாம் அவர் பேச்சுத்தான் என்று இன்னொரு வரி சேர்த்துச் சொல்கிறேன், சாமியப்பன் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், அக்கா கண்ணைத் துடைப்பார். இதை நினைத்ததும் அவனுக்கே கண் கலங்கியது, கலங்கியதும் தான் நல்லவன்தான் என்று தோன்றியது, உடனே அதற்கும் வெட்கமாக இருந்தது, இன்னும் ஒன்றும் செய்யவில்லையே.

அடுத்தது நீங்கள் என்றாள் அந்தப் பெண், அப்புறம் நிஜமான ஒரு பெண் வந்தாள். பேர் கேட்டாள், ஆல் என்றான். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள், ஹெரான்ஸ். காரில் ரேடியோ ஓடினால் அணைத்துவிடுங்கள், நீங்கள் பேசுவது ஏழு வினாடி கழித்துத்தான் வெளியே போகும், இரண்டையும் கேட்டால் தடுமாறிவிடுவீர்கள் என்றாள். அணைத்தான். காருக்குள் ஒரேயடியாக அமைதி. அதில் மைக்கியின் குரல், பதினாறு வருஷம் ஸ்பீக்கரில் கேட்ட குரல், காதுக்குள் வந்து சொல்லுங்க ஆல் என்றது. அழகுபாண்டி காகிதத்தைப் பார்த்தான். கட்டம் பெரிதாகத் தெரிந்தது. வாய் இரண்டாவது வரியில் ஆரம்பித்துவிட்டது. வார்னிக் அவர்களே, டீம் உங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன், பத்திரம் உங்கள் பேரில் இருக்கிறது. ஆட்டக்காரர்களைக் கொண்டுபோங்கள், கோப்பை ஒன்றே ஒன்று இருக்கிறது, அதையும் கொண்டுபோங்கள். ஆனால் முப்பத்தெட்டு வருஷம் தோற்றிருக்கிறோம், அந்தத் தோல்விகளை நீங்கள் லாரியில் ஏற்ற முடியாது, ஏனென்றால் அன்றைக்கெல்லாம் ஒன்பது இன்னிங்சில் ஆறாவதிலேயே நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டீர்கள், கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தது நாங்கள், அதனால் அது எங்கள் சொத்து. படிக்கும்போதே முதல் தடவையாக அவனுக்கு அந்த டீமின்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. மைக்கி மெதுவாகச் சொன்னார், ஆல், இந்த மாதிரிப் பேசுகிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும், நம்ம சாம், மூன்று மாதமாக அவர் வரவில்லை, எங்களுக்கெல்லாம் கவலையாக இருக்கிறது, உங்களுக்கு சாமைத் தெரியுமா. இதைவிடப் பெரிதாக ஒரு கதவை யாரும் யாருக்கும் திறந்துவிட முடியாது. ஆமாம் என்றால் போதும். ஜன்னலில் ரஸ்ஸல் எழுந்து நிற்பது தெரிந்தது. தெரியாது, ரேடியோவில் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்றான் அழகுபாண்டி. அப்படியா என்றார் மைக்கி, நன்றி ஆல் என்றார், போன் கட்டாகிவிட்டது. ஏழு வினாடி. இன்னும் அது அங்கே போய்ச் சேரவில்லை, குளித்துவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் தெரியாது. கை தானாகப் போய் ரேடியோவைத் திருகியது. உங்களுக்கு சாமைத் தெரியுமா என்று மைக்கி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிடுடா என்று அழகுபாண்டி ரேடியோவைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னான். தெரியாது என்றது ரேடியோ, கொஞ்சம் கீச்சென்ற, ஊர்வாடை மாறாத, அவனுக்கே பிடிக்காத ஒரு குரலில். அவன் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான், காகிதம் கசங்கியது, இப்படியே வண்டியைத் திருப்பி எங்கேயாவது போய்விடலாம் என்று இருந்தது.

எட்டு நாற்பதுக்குப் போன் ஒலித்தது. அக்காவிடமிருந்து வாட்சப், அவர் பேசுகிற மாதிரியே எழுதுகிறவர். "நல்லாப் பேசுனீங்க தம்பி. ரெண்டு பேரும் கேட்டமுங்க. சாமைத் தெரியாதுன்னு சொன்னீங்கள்ல, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஆனா அவரு அதுதான் சரின்னு எழுதிக் காட்டறாருங்க. தெரியும்னிருந்தா தொண்டையப் பத்தி நோண்டி நோண்டிக் கேட்டிருப்பாங்களாம், ஊரெல்லாம் பரிதாபப்பட்டா அவருக்குச் சங்கடமாப் போயிருக்குமாம். அத நினைச்சுத்தான் தம்பி அப்படிச் சொல்லிட்டாருன்னு எழுதறாரு. அடுத்த வெள்ளிக்கெழமைக்கு இப்பவே பேனாவ எடுத்துட்டாருங்க." அழகுபாண்டி படித்தான். பொய்க்கும் காரணத்தை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போய் அவர் காலில் விழவேண்டும் என்று இருந்தது. இரண்டாவது தடவை படித்தான். நோண்டிக் கேட்டிருப்பார்கள் என்பது உண்மைதானே, மைக்கி விடமாட்டார். மூன்றாவது தடவை படித்துவிட்டு, சரிங்கக்கா என்று பதில் அனுப்பினான், எஞ்சினை அணைத்தான், காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினான். ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. மேலே ஜன்னலிலிருந்து ரஸ்ஸல் இரண்டு கையையும் தூக்கித் தட்டிக் காட்டினார், அழகுபாண்டி தலையைக் குனிந்துகொண்டு ஒரு கையை அசைத்தான். எனக்கென்னவோ என்று ஆரம்பித்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தான், எனக்கென்னவோ, சாரைப் பற்றி எல்லாரும் பரிதாபமாகப் பேசுவது பிடிக்கவில்லை, எப்பேர்ப்பட்ட மனுஷன். மங்கை கேட்டால் சொல்லவேண்டும். ஆபீஸ் கதவைத் தள்ளும்போது, மைக்கி அதைக் கேட்ட நொடியில் தனக்கு முதலில் தோன்றியதே சாமியப்பன் சாரின் சங்கடம்தான் என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.